ஃப்ளாஷில் சிக்கிய வெப்காமிக்கை மீட்பது எப்படி? ஹோம்ஸ்டக் ரசிகர்களின் வேலையை முன்வைத்து ஒரு விளக்கம்

கேள்வி இது: 2000-களில் தொடங்கிய ஒரு வெப்காமிக்கில் (இணையத்தில் பக்கம் பக்கமாக வெளியாகும் சித்திரக்கதையில்) சாதாரணப் படங்கள் இன்னும் திறக்கின்றன. அசைவும் இசையும் இருந்த பக்கங்களில் மட்டும் வெறும் சாம்பல் கட்டம் தெரிகிறது. ரசிகர்களால் இதை மீட்க முடியுமா? அந்தப் பக்கங்களை வீடியோவாக்கி யூடியூபில் ஏற்றிவிட்டால் போதாதா?

மீட்க முடியும். வீடியோ மட்டும் போதாது. ஏன் போதாது என்பதைப் புரிந்துகொண்டால், என்னென்ன செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். அதற்கு ஹோம்ஸ்டக்கை விடப் பொருத்தமான உதாரணம் இல்லை.

ஆண்ட்ரூ ஹஸ்ஸி 2009 ஏப்ரல் 13 அன்று 'எம்எஸ் பெயின்ட் அட்வென்ச்சர்ஸ்' தளத்தில் தொடங்கி, 2016 ஏப்ரல் 13 அன்று முடித்த தொடர் அது. 8,000 பக்கங்களுக்கு மேல். பெரும்பாலானவற்றில் 650 பிக்சல் அகலம், 450 பிக்சல் உயரத்தில் ஒரு ஜிஃப் படமும், அதன் கீழே தடித்த கூரியர் நியூ எழுத்தில் உரையும் இருக்கும். தலைப்புக்கு முன்னால் சதுர அடைப்புக்குள் 'எஸ்' என்று போட்டிருந்தால் அது ஒலியுள்ள பக்கம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை, அசைவுப் படமும் விளையாட்டும் செய்ய உதவிய ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் உருவானவை. கதையின் பெரிய திருப்பங்கள் அங்கேதான் நிகழும். 2011 அக்டோபர் 25 அன்று வந்த 'காஸ்கேட்' 13 நிமிடத்துக்கு மேல் ஓடுவது. கூட்டத்தைத் தாங்குவதற்காக அதை நியூகிரவுண்ட்ஸ் தளத்தில் ஏற்றினார்கள், அந்தத் தளமே படுத்துவிட்டது.

2017 ஜூலையில் அடோபி நிறுவனம் ஃப்ளாஷை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல், பிந்தைய பதிப்புகளுக்குள்ளேயே வைத்திருந்த தேதிச் சோதனையால், ஃப்ளாஷ் கோப்புகளை ஓட்டும் பிளேயர் எதையும் ஓட்ட மறுத்தது. ஹோம்ஸ்டக்கின் அதிகாரப்பூர்வத் தளத்தில் பல ஃப்ளாஷ் பக்கங்கள் யூடியூப் வீடியோக்களாக மாற்றப்பட்டன. ரசிகர்கள் வேறு வழியில் போய் 'அன்அஃபிஷியல் ஹோம்ஸ்டக் கலெக்‌ஷன்' என்ற செயலியை உருவாக்கினார்கள். இணைய இணைப்பே இல்லாமல், மூலக் கோப்புகளை அப்படியே வைத்து, பழைய தளம் இருந்த தோற்றத்திலேயே படிக்க வைக்கும் செயலி அது.

இப்போது வீடியோவுக்கு வருவோம். ஹோம்ஸ்டக்கின் ஃப்ளாஷ் பக்கங்களில் பல, முடிவில்லாமல் சுழலும் லூப்கள். ஒரு சண்டைக் காட்சி இசையோடு சுற்றிக்கொண்டே இருக்கும், போதும் என்று தோன்றும்போது வாசகர் அடுத்த பக்கத்துக்குப் போவார். வீடியோவில், எங்கே நிறுத்துவது என்பதை வாசகருக்குப் பதில் யூடியூப் தீர்மானித்துவிடுகிறது. பாத்திரத்தை நடக்கவிட்டுப் பிறரோடு பேசவைக்கும் விளையாட்டுப் பக்கங்களில் யாரோ ஒருவர் நடந்த பாதை மட்டுமே வீடியோவில் பதிவாகிறது, பேசாமல் விட்ட உரையாடல் எல்லாம் போய்விடுகிறது. ஃப்ளாஷின் வெக்டர் கோடுகள் எந்தத் திரை அளவுக்கும் கூர்மையாக விரியக்கூடியவை. வீடியோ சுருக்கத்தில் அவை மங்கும், தட்டையான நிறப்பரப்பில் கட்டம் கட்டமாகக் கறை தெரியும். ஆகவே வீடியோவைத் துணைப்பிரதியாக வைத்துக்கொள்ளலாம். மூலத்தை வீசிவிட்டு அதை மட்டும் வைத்துக்கொள்வது இழப்புதான்.

வேலையைத் தொடங்கும்போது எல்லோரும் செய்ய நினைப்பது தரவிறக்கம். அதற்கு முன் ஒரு பட்டியல் வேண்டும். ஒரு விரிதாளில் பக்க எண், தலைப்பு, வெளியான தேதி, அந்தப் பக்கம் பயன்படுத்தும் கோப்புகள், அடுத்த பக்க இணைப்பு என்று வரிசை போடுங்கள். அடுத்த பக்கம் ஒன்றுக்கு மேல் இருக்கலாம் என்பதை முதலிலேயே கணக்கில் கொள்ளுங்கள், கதை கிளை பிரியும் இடங்கள் உண்டு. பழைய எண்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஹோம்ஸ்டக்கின் முதல் பக்கம் பழைய தளத்தில் 001901, புதிய தளத்தில் 1. இடையில் 1,900 வித்தியாசம். பல ஆண்டுகளாக ரசிகர்கள் எழுதிய குறிப்புகள், விக்கிப் பக்கங்கள், விவாதங்கள் எல்லாம் பழைய எண்ணையே சுட்டுகின்றன. இரண்டையும் இணைக்கும் ஓர் அட்டவணை இல்லாவிட்டால் அத்தனை இணைப்பும் செத்துப்போகும்.

தளம் இன்னும் உயிரோடு இருந்தால், பக்கங்களைத் தானாகத் தரவிறக்கும் 'டபிள்யூகெட்' கருவியைக் கொண்டு எடுக்கலாம். வெறும் கோப்புகளாக மட்டும் சேமிக்காமல் 'வார்க்' வடிவத்திலும் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஐஎஸ்ஓ 28500 என்ற தரத்தின்படி அமைந்த வடிவம் அது. கோப்போடு சேர்த்து, அந்தக் கோப்பைப் பற்றி சர்வர் அனுப்பிய குறிப்புகளையும் வைத்துக்கொள்ளும். அதில் 'கடைசியாக மாற்றிய தேதி' வரும், எந்தப் பதிப்பு கைக்குக் கிடைத்தது என்பதற்குப் பின்னாளில் அதுவே சாட்சி. ஒரு கோரிக்கைக்கும் அடுத்ததற்கும் இடையே ஓரிரு வினாடி இடைவெளி விடுங்கள். பழைய தளங்கள் சிறிய சர்வர்களில் ஓடுபவை, முரட்டுத்தனமாக இழுத்தால் உங்கள் முகவரியைத் தடுத்துவிடுவார்கள்.

தளம் போய்விட்டிருந்தால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின்தான் கதி. அதில் பொதுவாக நடக்கும் தவறு, பக்கத்தைத் திறந்து 'சேவ்' கொடுப்பது. அப்படிச் செய்தால், வேபேக் தன் பட்டையையும் மாற்றி எழுதிய இணைப்புகளையும் சேர்த்துத் தருகிறது. முகவரியில் 14 இலக்க நேரமுத்திரை இருக்கும். அதன் முடிவில் இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் ஐ, டி என்ற இரு சிறிய எழுத்துகளையும் ஓர் அடிக்கோட்டையும் சேர்த்தால் அன்று சேமித்த மூல பைட்டுகள் அப்படியே வரும். எந்தெந்தக் கோப்பு எந்தெந்த நாளில் சேமிக்கப்பட்டது என்ற முழுப் பட்டியலை 'சிடிஎக்ஸ்' என்ற அட்டவணைச் சேவை தரும். அதில் ஒவ்வொரு பதிவுக்கும் உள்ளடக்கத்தின் கைரேகை எண் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் எண்) உண்டு. ஒரே முகவரிக்கு இரண்டு கைரேகை இருந்தால், ஆசிரியர் அந்தக் கோப்பை இடையில் மாற்றியிருக்கக்கூடும். இரண்டையும் எடுத்துவையுங்கள். ஹோம்ஸ்டக்கின் தொடக்கக்கால ஃப்ளாஷ்கள் சிலவற்றில் இசை பின்னாளில் மாற்றப்பட்டது. ரசிகர் செயலியில் பழைய இசையைத் திரும்பக் கேட்கும் தேர்வு இருக்கிறதென்றால், யாரோ ஒருவர் பழைய பதிப்பையும் வைத்திருந்ததுதான் காரணம். எது 'சரியான' பதிப்பு என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது.

கிடைத்த கோப்புகளை நம்பிவிடாதீர்கள். பல தளங்கள் கோப்பு இல்லாதபோதும் 'சரி' என்ற 200 எண்ணைத் திருப்பி, உள்ளே 'பக்கம் இல்லை' என்று சொல்லும் சாதாரண இணையப் பக்கத்தை (எச்டிஎம்எல்) அனுப்பும். கோப்பின் பெயரைப் பார்த்தால் ஃப்ளாஷ் போலவே இருக்கும். முதல் சில பைட்டுகளைப் பார்த்தால் குட்டு வெளிப்படும். ஃப்ளாஷ் கோப்பின் முதல் மூன்று எழுத்துகள் எஃப்-டபிள்யூ-எஸ், சி-டபிள்யூ-எஸ், இசட்-டபிள்யூ-எஸ் என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது சுருக்கப்படாதது, இரண்டாவது இசட்லிப் முறையில் சுருக்கியது, மூன்றாவது எல்இசட்எம்ஏ முறையில் சுருக்கியது. நான்காவது பைட் பதிப்பு எண். ஐந்து முதல் எட்டு வரையுள்ள நான்கு பைட்டுகள், சுருக்கம் நீங்கிய முழு நீளம். இதுதான் கைகொடுக்கும் இடம்: கோப்பை விரித்து அளந்து பாருங்கள். அந்த பைட்டுகள் சொன்ன நீளத்தைவிடக் குறைவாக வந்தால் தரவிறக்கம் பாதியில் அறுந்திருக்கிறது. அறுந்த கோப்பு பெரும்பாலும் முதல் சில நிமிடம் ஒழுங்காக ஓடிவிட்டு, பிறகு உறைந்து நிற்கும். ஆகையால், தொடக்கத்தை மட்டும் பார்த்து 'ஓடுகிறது' என்று குறித்துவிட்டால் பிழை ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாது.

அடுத்தது, கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. 'ஜேபெக்ஸ்' என்ற திறந்த மூலக் கருவி ஃப்ளாஷ் கோப்பைப் பிரித்து, படம், ஒலி, எழுத்துரு, நிரல் எல்லாவற்றையும் காட்டும். அங்கே தேட வேண்டியது, வெளியிலிருந்து வேறு கோப்பை அழைக்கும் கட்டளைகளை. பெரிய ஃப்ளாஷ் பக்கங்களில் முதன்மைக் கோப்பு வெறும் ஏற்றி மட்டுமே. உண்மையான காட்சிகள் தனித்தனித் துண்டுக் கோப்புகளில் இருக்கும், காஸ்கேட் அப்படிப் பிரிக்கப்பட்டதுதான். துண்டுகளின் பெயர்கள் எச்டிஎம்எல் பக்கத்தில் எங்கும் இருக்காது என்பதால் இணைப்புகளைத் தொடர்ந்து போகும் தானியங்கிக் கருவிகள் அவற்றைப் பிடிக்காது. நிரலைப் படித்தோ, ஓடவிட்டு பிரவுசரின் நெட்வொர்க் பட்டியலைக் கவனித்தோதான் கண்டுபிடிக்க முடியும். ரசிகர் சேமிப்புகளில் 'எல்லாம் இருக்கிறது, ஆனால் 0 சதவீதத்தில் நிற்கிறது' என்ற புகாருக்குப் பல நேரம் இதுவே காரணம்.

இனி ஓட்டுவது. இரண்டு வழி உண்டு, இரண்டுக்கும் குறை உண்டு.

முதல் வழி, பழைய பிளேயரையே வைத்துக்கொள்வது. ரசிகர் செயலி, குரோமியம் பிரவுசரை உள்ளே வைத்திருக்கும் எலக்ட்ரான் என்ற கட்டமைப்பின் பழைய பதிப்புக்குள் ஃப்ளாஷ் செருகியை (பிரவுசருக்குள் ஓடும் பிளேயரை) பொருத்தியது. குரோமியம் 88-இல் ஃப்ளாஷ் ஆதரவு நீக்கப்பட்டதால் அதற்கு முந்தைய பதிப்பிலேயே நிற்க வேண்டிய கட்டாயம். செருகியும் 32.0.0.371-க்கு மேல் போகக்கூடாது, அதற்குப் பிந்தையவற்றில்தான் தேதிப் பூட்டு இருக்கிறது. தனியே ஓடும் 'புரொஜெக்டர்' பிளேயரில் அந்தப் பூட்டு இல்லை. இந்த வழியின் பலம், 2011-இல் எப்படி ஓடியதோ அப்படியே ஓடும். பலவீனம், பாதுகாப்பு ஓட்டைகள் இனி அடைபடாது. அதனால் தெரிந்த கோப்புகளை மட்டும், வெளி இணையத்தைத் தொடாதபடி ஓட்ட வேண்டும். இந்த பிளேயரை வைத்துக்கொண்டு தெரியாத தளங்களை உலவுவது ஆபத்து. ஆப்பிளின் புதிய எம் வரிசைச் சில்லுகளுக்கு இந்தச் செருகி எழுதப்படவே இல்லை, மொழிமாற்றி அடுக்கு வழியாகத்தான் ஓடும்.

இரண்டாவது வழி 'ரஃபிள்'. ரஸ்ட் என்ற நிரல் மொழியில் புதிதாக எழுதப்பட்ட ஃப்ளாஷ் எமுலேட்டர், அதாவது பழைய பிளேயரைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள், எந்த நவீன பிரவுசரிலும் செருகியின்றி ஓடும். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரில் இதைப் பயன்படுத்தத் தொடங்கியது. எது நன்றாக ஓடும் என்பது கோப்பின் நிரல் மொழியைப் பொறுத்தது. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2-இல் எழுதியவை பெரும்பாலும் சிக்கலின்றி ஓடும். 2006-இல் ஃப்ளாஷ் பிளேயர் 9-உடன் வந்த ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-க்கு வேறொரு இயந்திரம், அதில் இடைவெளிகள் அதிகம். ஜேபெக்ஸில் திறந்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும். விரிதாளில் அதற்கென ஒரு பத்தி ஒதுக்கி, ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 உள்ள பக்கங்களை மட்டும் ஆரம்பம் முதல் கடைசி வரை சோதியுங்கள். நேரம் மிச்சமாகும்.

எந்த வழியானாலும் கோப்பை வட்டிலிருந்து நேராக இருசொடுக்கில் திறக்காதீர்கள். உள்ளூர்க் கோப்புகளையும் இணையத்தையும் ஒரே நேரத்தில் தொட ஃப்ளாஷின் பாதுகாப்பு விதி அனுமதிக்காது. நவீன பிரவுசர்களும் அப்படித் திறந்த பக்கம் வேறு கோப்புகளைப் படிக்க விடுவதில்லை. பைத்தானோடு வரும் சிறிய சர்வரை 8000-ஆம் போர்ட்டில் ஓடவிட்டு அதன் வழியாகத் திறந்தால் பாதிக் கோளாறு தீரும். மீதியில் மூன்று அடிக்கடி வருபவை. ஒன்று, துணைக் கோப்புகளின் பாதை. ஃப்ளாஷ் பக்கம் பிரவுசரில் ஓடும்போது, 'பேஸ்' என்ற அடிப்படை முகவரியைத் தனியே சொல்லாவிட்டால், பாதையைத் தன்னைத் தாங்கும் எச்டிஎம்எல் பக்கத்திலிருந்து கணக்கிடும், தான் இருக்கும் அடைவிலிருந்து அல்ல. கோப்பை வேறு அடைவுக்கு நகர்த்தியதும் துணைக் கோப்பு காணாமல் போவது இதனால்தான். இரண்டு, சிறிய எழுத்து பெரிய எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் சர்வர் கொள்ளாது. மூன்று, முகவரிப் பூட்டு. சில ஃப்ளாஷ் கோப்புகள் தாம் ஓடும் தளத்தின் பெயரைச் சோதித்து, வேறிடமென்றால் நின்றுவிடும். நிரலை வெட்டி ஒட்டிப் பூட்டை உடைக்கப் பலர் முயல்கிறார்கள், வேண்டாம். 'ஃப்ளாஷ்பாயின்ட்' சேமிப்புத் திட்டம் செய்வதே நல்ல முறை: கணினிக்குள் ப்ராக்ஸி என்ற இடைத்தரகு நிரல் உட்கார்ந்து பழைய முகவரிக்கான கோரிக்கையை உள்ளூர்ப் பிரதிக்குத் திருப்பிவிடும். கோப்பு தன் பழைய வீட்டில் இருப்பதாகவே நம்பும், ஒரு பைட் கூட மாறாது. ரஃபிளின் கணினிப் பதிப்பிலும் பழைய முகவரியைச் சொல்லி ஏமாற்றும் வசதி உண்டு.

ஒலி ஒத்திசைவைத் தனியாகக் கவனியுங்கள். ஃப்ளாஷில் ஒலியை இரு விதமாகப் பொருத்தலாம். 'ஸ்ட்ரீம்' ஒலியென்றால், கணினி மெதுவானால் படச்சட்டங்களைத் தாண்டியாவது ஒலியோடு சேர்ந்து ஓடும். 'ஈவென்ட்' ஒலி ஒருமுறை தொடங்கிவிட்டால் தன் போக்கில் போகும், படம் பின்தங்கினால் இடைவெளி கூடிக்கொண்டே போகும். இசையின் தாளத்துக்கு வெட்டப்பட்ட காட்சியில் அரை வினாடி பிசகினாலும் காட்சியின் உயிர் போய்விடும். போதாததற்கு, 2018 முதல் குரோம் வாசகர் ஒருமுறையாவது சொடுக்காமல் ஒலியைத் தானாகத் தொடங்க விடுவதில்லை. படம் முதலில் ஓடி, ஒலி தாமதமாகத் தொடங்கும். இதற்குத் தீர்வு, பக்கம் திறந்ததும் ஓடாமல், பெரிய 'பிளே' பொத்தானைக் காட்டி, அதை அழுத்திய பின்பே இரண்டையும் சேர்த்துத் தொடங்குவது.

துணைப்பிரதியாக வீடியோ எடுப்பதென்றால் திரைப்பதிவு வேண்டாம். ரஃபிளின் எக்ஸ்போர்ட்டர் ஒவ்வொரு சட்டத்தையும் தனிப் படமாகத் தரும். நியூகிரவுண்ட்ஸின் 'ஸ்விவெல்' கருவி நேரே வீடியோவாக்கும். ஸ்விவெலை எழுதிய மைக் வெல்ஷ்தான் பின்னர் ரஃபிளையும் தொடங்கினார். ஜேபெக்ஸிலும் சட்டங்களை ஏற்றுமதி செய்யலாம், ஆனால் நிரல் இயக்கும் அசைவுகள் அதில் சரியாக வராது.

ஃப்ளாஷ் மட்டுமே பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2012-இல் வந்த 'ஓப்பன்பவுண்ட்' விளையாட்டுப் பக்கங்கள், செருகி தேவைப்படாத எச்டிஎம்எல்5-இல் எழுதப்பட்டவை. அன்று அதுவே எதிர்காலம் என்றார்கள். இன்று அவற்றையும் சர்வர் இல்லாமல் வட்டிலிருந்து திறந்தால் ஓடாது, ஒலித் தடையும் சேர்ந்து வரும். ஜிஃப்களுக்கும் சிக்கல் உண்டு. படச்சட்டங்களுக்கு இடையிலான நேரத்தை, நூறில் ஒரு வினாடிக் கணக்கில், 0 அல்லது 1 என்று எழுதியிருந்தால் பிரவுசர்கள் அதை 10 ஆக்கி மெதுவாக ஓட்டும். ஆசிரியர் அன்று பார்த்ததும் வாசகர் பார்த்ததும் இந்த வேகத்தைத்தான். 'திருத்தி' வேகமாக்கினால் அது புதிய படைப்பு. இடம் மிச்சம் என்று 'வெப்பி' என்ற பட வடிவத்துக்கு மாற்றுவதும் வேண்டாம். உயர் அடர்த்தித் திரையில் பிக்சல் கலை மங்கித் தெரிந்தால், படத்தைத் தொடாமல், பக்கத்தின் நடை விதியில் (சிஎஸ்எஸ்) பிக்சலைப் பிக்சலாகவே பெரிதாக்கச் சொன்னால் போதும்.

பக்கத்தின் உடுப்பையும் சேமிக்க வேண்டும். ஹோம்ஸ்டக்கில் இது மிக முக்கியம். ஒரு பாத்திரம் கதையைக் கைப்பற்றும்போது தளத்தின் நிறம், தலைப்புப் படம், பொத்தான்கள் எல்லாம் மாறும், அந்த மாற்றமே கதை. தலைப்புப் படத்தின் மேல் சுட்டியை நிறுத்தினால் மட்டும் தெரியும் உரையில் கூட கதை ஓடிய பகுதி ஒன்று உண்டு. படங்களை மட்டும் அள்ளி ஒரு பிடிஎஃப்பில் அடுக்குபவர்கள் இழப்பது இதைத்தான். எச்டிஎம்எல், நடைத்தாள், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் தேதியோடு எடுத்துவையுங்கள். எழுத்துருவும் அப்படியே: கூரியர் நியூ இல்லாத லினக்ஸ் கணினியில் மாற்று எழுத்துரு வந்து, வரி உடைந்து, எழுத்துகளாலேயே வரைந்த படங்கள் கலைந்துவிடலாம். பழைய தமிழ் இணைய இதழ்களைத் திறந்து, அந்தந்த இதழின் சொந்த எழுத்துரு இல்லாமல் குப்பை எழுத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் வலி தெரியும்.

கடைசியாக, கட்டிவைக்கும் முறை. ரசிகர் செயலியில் நிரல் ஒரு பக்கம், சில ஜிபி அளவுள்ள மூலக் கோப்புத் தொகுப்பு இன்னொரு பக்கம். இந்தப் பிரிவு மிகச் சரியானது. எலக்ட்ரான் நாளை ஓடாமல் போகலாம், அப்போது நிரலை மட்டும் புதிதாக எழுதினால் போதும். தொகுப்புக்குள் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 கைரேகை போட்டு ஒரு பட்டியல் வையுங்கள். 'பேக்இட்' என்ற அடைவு முறை இதற்கென்றே இருக்கிறது. திருத்தம் தேவைப்பட்ட கோப்பின் மூலத்தை அப்படியே விட்டு, திருத்தியதைத் தனி அடைவில் போட்டு, என்ன மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஒரு வன்தட்டு, வேறொரு ஊரிலுள்ள நண்பரிடம் இன்னொன்று, இன்டர்நெட் ஆர்க்கைவில் வார்க் கோப்பு என்று மூன்று இடமாவது இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை கைரேகைகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

உரிமை ஆசிரியருடையது. அவரைத் தொடர்புகொள்ள முடிந்தால் எழுத்தில் அனுமதி கேளுங்கள், கூடவே அவரிடம் பழைய மூலக் கோப்புகள், குறிப்பாக ஃப்ளாஷைத் தொகுக்கும் முன் இருந்த எஃப்எல்ஏ கோப்புகள், இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். பழைய மடிக்கணினியில் கிடக்கும் அந்தக் கோப்பு வேபேக்கில் ஒருபோதும் கிடைக்காது. இசையமைத்தவர், வரைய உதவியவர் பெயர்களைப் பக்கவாரியாகப் பதியுங்கள், பணம் வாங்காதீர்கள். பொதுவில் பகிர வேண்டாம் என்று ஆசிரியர் சொன்னால் பகிராதீர்கள். கைரேகைப் பட்டியலையும் பக்க அட்டவணையையும் மட்டும் வெளியிட்டால் கூட, பின்னாளில் வேறொருவர் தன்னிடம் உள்ள பிரதி முழுமையானதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.